டீக்கன் ஐயாவை வரவேற்ற உங்கள் எல்லோருக்கும்

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் சேகரக் கமிட்டியின் ஸ்தோத்திரங்கள்.

பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் பேராலயத்தில் டீக்கனாக, அதாவது குருப்பட்டத்துக்கு முந்தின நிலை ஊழியராக, அபிஷேகம் பெற்ற ஐயா, மனைவியோடும் இரண்டு வயது மகளோடும் பல சபைகள் சேர்ந்த நம் சேகரத்துக்கு வந்து இன்றோடு மூன்று வாரம் ஆகிறது. ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது ஒரு நன்றி சொன்னேன். அது இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. யார் யார் என்னென்ன செய்தீர்கள் என்று கிட்டே நின்று பார்த்தவன் நான். எழுதாமல் விட மனசு வரவில்லை.

நியமன உத்தரவு வந்தபோது நம் கையில் இருந்தது பன்னிரண்டு நாள். பள்ளிக்கூடத்தை ஒட்டிய அந்த வீடு ஆள் இல்லாமல் எத்தனை நாள் பூட்டிக் கிடந்தது என்று உங்களுக்குத் தெரியும். வாசல் நிலையின் அடிப்பாகத்தைக் கரையான் தின்றிருந்தது. தட்டோட்டியில் ஒழுக்கு. வெள்ளையடித்த தம்பி சுண்ணாம்புக்கும் பெயின்ட்டுக்கும் மட்டும் காசு வாங்கினார், கூலி வாங்க மறுத்துவிட்டார். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் வேலைவிட்டு வந்து ராத்திரி பதினொரு மணி வரை கிணறு இறைத்தார்கள். நிலையை மாற்றிக் கொடுத்த ஆசாரி நம் சபையைச் சேர்ந்தவர் இல்லை. வேலையை முடித்துக் கிளம்பியவர் திரும்பி வந்து, பின்வாசல் தாழ்ப்பாளைக் கழற்றி ஒரு முழம் மேலே வைத்துப் பூட்டினார். "சின்னப் பிள்ளை வருதுன்னு சொன்னீங்கள்லா, பின்னால கிணறு இருக்கு" என்றார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. அந்தத் தாழ்ப்பாளைப் பார்க்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

பொன்னாடை, மாலை எதுவும் வேண்டாம், அந்தப் பணத்தில் அடுப்பும் சிலிண்டரும் வாங்கி வைப்போம் என்று முதலில் சொன்னது பெண்கள் ஐக்கிய சங்கத்தார்தான். கமிட்டியில் இரண்டு பேருக்கு அதில் வருத்தம் இருந்தது. ஆனால் அம்மாமார் சொன்னதே சரி. வந்த அன்றைக்கே அந்த வீட்டில் பிள்ளைக்குப் பால் காய்ச்ச முடிந்தது.

வரவேற்பு நாளில் வைத்த அசனம் என்ற சபை விருந்துக்கு அண்டாவும் வாளிகளும் கொடுத்த பஜார் கடை அண்ணாச்சிக்கு எங்கள் வணக்கம். வாடகை என்று வாயெடுத்ததும், "நம்ம ஊருக்குத்தானே வாராரு, எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார்.

டீக்கன் என்றால் என்ன, ஏன் முழு ஐயர், அதாவது குருவானவர், இல்லை என்று பலரும் என்னிடம் கேட்டீர்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படிப்பை முடித்து வந்தவர்தான். ஆனாலும் குருப்பட்டம் பெறும் வரை அவர் அப்பத்தையும் திராட்சரசத்தையும் ஆசீர்வதித்து நற்கருணையை நடத்த முடியாது. சுவிசேஷம் வாசிக்கலாம், பிரசங்கம் பண்ணலாம், நற்கருணைப் பாத்திரம் கொடுக்கலாம். அதனால்தான் மேலங்கியின் பட்டை இடது தோளிலிருந்து குறுக்கே போகிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் பந்தி விசாரணைக்கென்று ஏழு பேரைத் தெரிந்துகொண்டார்களே, அந்த வழியில் வருகிற ஊழியம் இது. அன்றைய அசனத்தில் ஐயா சாம்பார் வாளியோடு இறங்கியதைச் சிலர் தடுத்தீர்கள். மரியாதையால் தடுத்தீர்கள் என்று தெரியும். அடுத்த தடவை விட்டுவிடுங்கள்.

அவரைப் பக்கத்தில் வைத்துக் கற்றுக்கொடுக்கிற சேகர குருவானவருக்கு நாம் அதிகம் கடன்பட்டிருக்கிறோம். வரவேற்பு ஆராதனையில் அவர் சத்தியநாதன் ஐயரைப் பற்றிச் சொன்னது பலருக்குப் புதுச் செய்தி. மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் 1785இல் அவரைப் பாளையங்கோட்டைக்கு உபதேசியாராக, அதாவது பட்டம் பெறாத ஊழியராக, அனுப்பினார். அங்கே குளோரிந்தா அம்மாள் என்ற விசுவாசி கோவில் கட்டிய வருஷமும் அதுதான். சத்தியநாதனுக்குக் குருப்பட்டம் கிடைத்தது 1790இல், தஞ்சாவூரில். அதற்குள் ஐந்து வருஷம் ஜனங்களோடு இருந்துவிட்டார். "இந்தத் தம்பிக்கு வாத்தியார் நான் மட்டும் இல்லை, நீங்களும்தான்" என்று குருவானவர் சொன்னபோது, கோவில் அப்படியே அமைதியாகிவிட்டது.

சபை வாத்தியாரானது அன்றைக்கே நடந்தது. முதன்முதலாக நற்கருணைப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்த டீக்கன் ஐயாவின் கை நடுங்கியது. பக்கத்தில் முழங்காலில் நின்ற எனக்கு நன்றாகத் தெரிந்தது. வடக்குத் தெரு பாட்டியின் முன்னால் வந்தபோது, பாட்டி நிமிர்ந்து பார்த்து, தன் சுருங்கிய கையைப் பாத்திரத்தின் அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். குடித்துவிட்டு உடனே கையை எடுக்கவில்லை, நடுக்கம் நிற்கும் வரை வைத்திருந்தார். அதற்குப் பிறகு வரிசை முழுக்க ஐயாவின் கை ஆடவில்லை. பாட்டி, உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

அப்புறம் மணியடித்துக் கோவிலைக் கவனிக்கிற நம் கோவில்பிள்ளை. இரண்டாவது வாரம் கீழத்தெருவில் துக்கம் விழுந்த ராத்திரி, ஐயாவைக் கூட்டிக்கொண்டு போய், அந்த வீட்டில் யார் யாருக்குள் பேச்சு இல்லை, யாரை முதலில் விசாரிக்க வேண்டும் என்று வழியிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார். அரசரடியில் இதைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. முப்பது வருஷமாக மணியடிக்கிறவருக்குத்தான் அது தெரியும்.

செவ்வாய்க்கிழமை முதல் வீடு சந்திப்பு ஆரம்பம், முதலில் வடக்குத் தெரு. படுக்கையில் இருப்பவர்கள் இருந்தால் என்னிடமோ கோவில்பிள்ளையிடமோ சொல்லுங்கள். பிரசங்கம் நீண்டுபோனாலும் புரியாமல் போனாலும் அவரிடமே சொல்லுங்கள், சொல்லச் சொல்லி அவரே கேட்டிருக்கிறார்.

அசனத்தில் மிஞ்சிய இரண்டு சருவப் பாத்திரமும் ஒரு பெரிய கரண்டியும் டீக்கன் ஐயா வீட்டில் இருக்கின்றன. அம்மா கழுவித் துடைத்து வைத்திருக்கிறார்கள். யாருடையது என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சேகரச் செயலர்