53 பைகளுக்கு நன்றி

முகம் தெரியாத உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

ரத்தப் பையில் ஒட்டியிருக்கும் சீட்டில் கொடுத்தவர் பெயர் இருக்காது. ஓர் எண், குரூப், தேதி, அவ்வளவுதான். என் மகளுக்கு ஏற்றிய ஒவ்வொரு பையின் எண்ணையும் அவளுடைய ரஃப் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். மொத்தம் 53. நீங்கள் கொடுத்துவிட்டு, ஜூஸ் குடித்துவிட்டு, வேலைக்கோ கல்லூரிக்கோ கிளம்பிப் போய்விட்டீர்கள். அந்த ரத்தம் அப்புறம் என்ன ஆனது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அவளுக்கு 11 வயது. காலில் திட்டுத் திட்டாக நீலம் பூத்திருந்ததை, விளையாடும்போது இடித்துக்கொண்டிருப்பாள் என்று விட்டுவிட்டோம். பல் துலக்கும்போது ஈறில் வந்த ரத்தம் நிற்காத அன்றுதான் ஓடினோம். ரத்தத்தை உறையவைத்து நிறுத்தும் தட்டணு (பிளேட்லெட்) ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும், 6,000தான் இருந்தது. இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் மஜ்ஜையில் உள்ள குருத்தணு என்ற ஒரே விதையிலிருந்துதான் கிளைக்கின்றன. அவள் மஜ்ஜையில் அந்த விதை அநேகமாக இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்பு நிறைந்திருந்தது. ஏபிளாஸ்டிக் அனீமியா என்றார்கள்.

அவளுக்கு ஏற்ற அண்ணனின் மஜ்ஜை பொருந்துமா என்று பார்த்து, சிகிச்சைக்கு நாள் குறித்து, அது பலன் தரும்வரை அவளைத் தாங்கியது நீங்கள்தான்.

நீங்கள் கொடுத்த 350 மில்லியை அப்படியே ஏற்றுவதில்லை. இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றிப் பிரிக்கிறார்கள். சிவப்பணு குளிர்பெட்டிக்குப் போகிறது. பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதியை உறைய வைக்கிறார்கள். என் மகளுக்குப் பிளாஸ்மா தேவைப்படவில்லை. ஆக, உங்களுடையது வேறு யாருக்காவது போயிருக்கும். அந்த வீட்டுக்காரர்கள் சார்பிலும் நானே நன்றி சொல்லிவிடுகிறேன்.

சிவப்பணு ஏறிய மறுநாள் அவள் உதட்டில் நிறம் திரும்பும், தோசை கேட்பாள். எங்களை ஓட ஓட விரட்டியது தட்டணுதான். அதைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. சுமார் 22 டிகிரியில், தட்டில் இடைவிடாமல் ஆட்டிக்கொண்டே, ஐந்து நாள்தான் வைத்திருக்க முடியும். முன்கூட்டியே வாங்கிச் சேர்த்து வைக்க வழியில்லை. தீபாவளிக்கு முந்தின இரவு இயந்திரத்தோடு இணைந்து ஒன்றரை மணி நேரம் படுத்துத் தட்டணு மட்டும் கொடுத்த அந்தக் கல்லூரித் தம்பிக்கு என்ன சொல்வேன்? ஊருக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு வந்திருந்தாய், தம்பி.

ரத்த வங்கி அண்ணன் அந்தப் பையை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து, மெல்லச் சாய்த்துக் காட்டினார். வைக்கோல் நிற நீருக்குள் பட்டுத்துணி அசைவது போல ஒரு மினுமினுப்பு சுழன்றது. "இப்படிச் சுழன்றால் அணுக்கள் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம்மா" என்றார். கொடுத்தவரின் வெள்ளையணு அவள் உடம்பைத் தாக்காமலிருக்க ஒவ்வொரு பைக்கும் கதிர்வீச்சு கொடுத்து அனுப்பியதும் அவர்தான். அண்ணா, நன்றி.

உடன்பிறந்த ஒருவரின் மஜ்ஜை முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். 19 வயது மகனுடையது பொருந்தியது. மயக்க மருந்து கொடுத்து அவன் இடுப்பெலும்பிலிருந்து எடுத்தார்கள். பெரிய ஆபரேஷன் என்று நான் பயந்தது, அவளுக்கு இன்னொரு பை ரத்தம் ஏற்றியது போலத்தான் நடந்தது. நரம்பு வழியே போன குருத்தணுக்கள் தாமாகவே எலும்புக்குள் இடம் தேடிக் குடியேறின. அதன்பின் 18 நாள், புது மஜ்ஜை வேலை செய்யத் தொடங்கியதைச் சொல்லும் வெள்ளையணு எண்ணிக்கைக்காகவே விடிந்தது. 19-ஆம் நாள் காலை, முகக்கவசத்துக்கு மேலே நர்ஸம்மாவின் கண் சிரித்ததைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. இரவெல்லாம் என்னையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட சிஸ்டர்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நோட்டில் 53-ஆவது எண்ணுக்குக் கீழே ஏழு மாதமாக எதுவும் எழுதவில்லை. அவளுடைய பழைய பள்ளி அட்டையில் பி பாசிட்டிவ் என்று இருந்தது. இப்போது அவளுக்குள் ஊறுவது அண்ணனின் ரத்தம். போன வாரம் வந்த புது அட்டையில் ஓ பாசிட்டிவ் என்று போட்டிருக்கிறார்கள். அதை அவனிடம் காட்டத்தான் பள்ளியிலிருந்து வீடுவரை ஓடி வந்தாள்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா