அந்த நான்காவது ஆளைத் திரும்பக் கொண்டுவாருங்கள்

கூகுள், அமேசான், மெட்டா, மைக்ரோசாப்ட் போன்ற நிறுவனங்களில் புராடக்ட் மேனேஜர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கு, வணக்கம்.

சென்னையில் ஒரு நடுத்தர மென்பொருள் நிறுவனத்தில் புராடக்ட் மேனேஜராக, அதாவது ஒரு புராடக்டில் எதைச் செய்வது, எதை விடுவது என்று முடிவெடுப்பவராக இருக்கிறேன். உங்களைப் போன்ற பெரிய இடங்களுக்கு இன்டர்வியூ போகிறவர்களுக்குப் பல வருடங்களாக மாக் இன்டர்வியூ (ஒத்திகை இன்டர்வியூ) எடுத்துப் பழக்குகிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: நீங்கள் மதிப்பெண் போடுவது பெரும்பாலும் நாங்கள் பார்த்த ஒத்திகைக்குத்தான்.

வெகுநாளாகச் சுற்றிவரும் ஒரு கேள்வி இருக்கிறது: "பார்வையற்றவர்களுக்கு ஓர் அலாரம் கடிகாரம் வடிவமையுங்கள்." நன்றாகத் தயாரான ஆள் முதலில், "ஒரு நிமிடம் யோசித்துக்கொள்ளட்டுமா?" என்பார். யோசிக்க ஒன்றும் இருக்காது. ஆனாலும் தாளில் ஏதாவது கிறுக்குவார். பிறகு பயனர்களை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய சிரமங்களை அடுக்குவார். அப்புறம் மூன்று தீர்வுகள். அதில் ஒன்று கொஞ்சம் விபரீதமாக இருக்க வேண்டும் (அதுவும் பாடத்திட்டத்தில் உண்டு). கடைசியில் வெற்றியை அளக்க இரண்டு மெட்ரிக். நேரம் முடிவதற்குள் எல்லாம் கச்சிதமாக முடிந்துவிடும்.

கஸ்டமர் சப்போர்ட்டிலிருந்து வந்த ஒருவர் இதே கேள்விக்கு வேறு மாதிரி பதில் சொன்னார். "திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் வாய்ஸ்ஓவர் ஐபோனில் 2009-லிருந்தே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அதே வேலைக்கு டாக்பேக் இருக்கிறது. போனிலேயே அலாரம் வைத்துக்கொள்ளலாமே, தனிக் கடிகாரம் எதற்கு? முதலில் பார்வையற்றவர்கள் நாலு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் நான் எதையும் வரைவேன்." எதிரில் இருந்தவர், "கேட்டாச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள், மேலே போங்கள்" என்றாராம். வேலைக்குச் சேர்ந்த மறுநாளே நீங்கள் அவரிடம் எதிர்பார்க்கப்போகும் குணம் அது. இன்டர்வியூவில் அது நேர விரயமாகிவிட்டது.

சுந்தர் பிச்சை 2017-இல் கரக்பூர் ஐஐடி மாணவர்களிடம் தன் கூகுள் இன்டர்வியூ கதையைச் சொன்னார். 2004, ஏப்ரல் 1. ஜிமெயிலை அறிவித்த நாள். முட்டாள்கள் தின விளையாட்டு என்றே அவர் நினைத்திருக்கிறார். ஜிமெயில் பற்றிக் கேட்டவர்களிடம் அவரால் சரியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. நான்காவதாக வந்தவர்தான், "ஜிமெயிலைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டு, இல்லை என்றதும் எடுத்துக் காட்டினாராம். அதற்கடுத்த ஆளிடம்தான் இவரால் பேச முடிந்தது.

கதையைக் கேட்பவர்கள் எல்லோரும் பிச்சையின் அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு அந்த நான்காவது ஆளைத்தான் பிடிக்கிறது. பொருளைக் கையில் கொடுத்துவிட்டு அப்புறம் கேள்வி கேட்பது அவ்வளவு கஷ்டமா என்ன? முந்தின நாளே ஒரு நிஜமான புராடக்டையும், பெயர்களை நீக்கிய நூறு வாடிக்கையாளர் புகார்களையும் அனுப்புங்கள். மறுநாள் ஒரு மணி நேரம் அதைப் பற்றியே பேசுவோம். எதை முதலில் சரிசெய்வோம், எதைத் தொடவே மாட்டோம், இன்ஜினியர் "முடியாது" என்றால் என்ன செய்வோம் என்று எல்லாவற்றையும் குடைந்து கேளுங்கள். அங்கே மனப்பாடம் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. அமேசான் சில புராடக்ட் வேலைகளுக்கு முன்கூட்டியே ஒரு கட்டுரை எழுதி அனுப்பச் சொல்கிறது. அதுவே பாதி தூரம் வந்த மாதிரிதான்.

மாற்றிக்கொள்வது உங்களுக்குப் புதிதும் இல்லை. ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து கொள்ளும் என்பது போன்ற புதிர்களால் பயனே இல்லை என்று கூகுளின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013-இல் வெளிப்படையாகவே சொன்னார். ஓர் ஆளை முடிவுசெய்ய நான்கு இன்டர்வியூ போதும் என்று கண்டுபிடித்ததும் அதே கூகுள்தான்.

இதில் அடிபடுவது யார் என்று மட்டும் பாருங்கள். ஐஐஎம்மில் படித்தவருக்கு உங்கள் கம்பெனியிலேயே சீனியர் இருப்பார். வாரக் கடைசியில் வீடியோ காலில் பழக்கிவிடுவார். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் படித்து, சென்னையில் இரவு ஷிப்டில் வாடிக்கையாளர் டிக்கெட்டுகளை (புகார்ப் பதிவுகளை) மூடிக்கொண்டிருப்பவருக்கு அப்படி யாரும் இல்லை. பயிற்சிக்குப் பணம் கட்டினால்தான் உண்டு. இத்தனைக்கும் புராடக்ட் எங்கே உடைகிறது என்பது அவருக்குத்தான் அத்துப்படி.

இன்னொன்று, அந்த ரிஜெக்‌ஷன் மெயில். ஐந்து சுற்று பேசிய ஆளுக்கு "மற்ற விண்ணப்பதாரர்களோடு முன்னே செல்கிறோம்" என்று ஒரு வரி. காரணம் சொன்னால் வழக்கு வரும் என்று பயப்படுகிறீர்கள், சரி. ஆனால் பேசிய ஒவ்வொருவரும் உள்ளே பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தச் சுற்றில் போனது என்பதையாவது சொல்லலாம். அனலிட்டிகல் சுற்றா, டிசைன் சுற்றா என்று தெரிந்தால் அந்த ஆள் அடுத்த ஆறு மாதத்தைச் சரியான இடத்தில் செலவழிப்பார்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு புராடக்ட் மேனேஜர்

பி.கு.: சம்பள வரம்பையும் எந்த லெவல் என்பதையும் ரெக்ரூட்டர் முதல் போன் காலிலேயே சொல்லிவிட்டால், இரு தரப்பிலும் பல பேருக்கு லீவு மிச்சம்.