இம்மாத ஒயின்: பார்பரேஸ்கோ கூட்டுறவுக்காரர்கள்

நண்பர்களே, வணக்கம். சனிக்கிழமை சுவைத்துப் பார்க்கப்போவது வட இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியைச் சேர்ந்த ‘ப்ரொதுத்தோரி தெல் பார்பரேஸ்கோ’வின் சிவப்பு ஒயின்கள். 1958இல் பார்பரேஸ்கோ ஊர்ப் பாதிரியார் தோன் ஃபியொரீனோ மரெங்கோ 19 சிறு விவசாயிகளைச் சேர்த்துத் தொடங்கிய கூட்டுறவு இது. தனியாக விற்றால் திராட்சைக்கு விலை கிடைக்காத காலம் அது. இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இதில் இருக்கின்றன. எனக்கு இவர்கள்மேல் தனி மரியாதை உண்டு.

திராட்சை ஒரே ஒரு வகைதான்: நெபியோலோ. நிறம் வெளிறியிருப்பதைப் பார்த்து லேசான ஒயின் என்று நினைத்துவிடாதீர்கள். துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும், புளிப்பும் தூக்கலாக இருக்கும். அதனால்தான் வெறுமனே குடிக்காமல் சாப்பாட்டோடு குடிக்கச் சொல்கிறேன். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் அந்தத் துவர்ப்பை அடக்கிவிடும். அந்த ஊரில் ஒயினிலேயே மெதுவாக வேகவைத்த மாட்டிறைச்சி, முட்டை மஞ்சள் கரு நிறையச் சேர்த்த ‘தாயரின்’ பாஸ்தா, முதிர்ந்த பாலாடைக்கட்டி எல்லாம் இதற்கு ஜோடி. இலையுதிர் காலத்தில் தாயரின்மேல் பக்கத்து ஊரான ஆல்பாவின் வெள்ளை ட்ரஃபிள் என்ற, மண்ணுக்கடியில் விளையும் மணமான காளானைச் சீவிப் போடுவார்கள்.

புதியவர்கள் இவர்களின் எளிய ஒயினான ‘லாங்கே நெபியோலோ’விலிருந்து தொடங்குங்கள், விலையும் குறைவு, துவர்ப்பும் குறைவு. நல்ல ஆண்டுகளில் ஒன்பது தோட்டங்களுக்குத் தனித்தனியாக ‘ரிசர்வா’ (கூடுதல் காலம் முதிரவைத்த ஒயின்) போடுவார்கள். அவற்றில் அசீலி மென்மையானது, மோந்தெஸ்தெஃபனோ முரட்டுத்தனமானது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் குடித்தால் மண்ணின் வித்தியாசம் புரியும்.

வருபவர்கள் வியாழனுக்குள் இங்கே பெயர் போடுங்கள். யார் என்ன சமைத்து வருகிறீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள்; காரம் வேண்டாம், துவர்ப்போடு மோதும்.