அம்மாவைத் திட்டாமல் ‘ஏன்’ என்று கேட்டவர்களுக்கு

சிஸ்டர், மருந்து கொடுக்கும் அண்ணா, லேப் தங்கச்சி, எங்கள் ஊருக்கு மாத்திரை கொண்டு வரும் அக்கா, உங்கள் எல்லோருக்கும் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வணக்கம்.

அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் வந்து 14 வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரி நாள் என்றால் தேயிலை பறிக்கப் போக முடியாது, கூலி போச்சு. வெறும் வயிற்றோடு முதல் பஸ் ஏறுவார். சீட்டு, பிரஷர், ரத்தம், டாக்டர், மாத்திரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. போன மழைக்காலத்தில் மூன்று மாதம் போகவே இல்லை. காலில் புண் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

முன்பு போய்வந்த இடத்தில் இதற்குத் திட்டுதான் கிடைத்திருக்கும். சிஸ்டர், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து “ஏன்மா வரலை?” என்றீர்கள். அதற்கு முன்னால் வந்தேன், ரத்தம் எடுக்கவில்லை, அதோடு விட்டுவிட்டேன் என்றார் அம்மா. ஏன்? நேரம் முடிந்துவிட்டது. ஏன்? பனியில் பஸ் தாமதம். ஐந்தாவது ‘ஏன்’ வந்தபோது, ரத்தம் எடுக்கும் நேரம் முதல் பஸ்ஸோடு பொருந்தவே இல்லை என்பது தெரிந்தது. தப்பு அம்மாவிடம் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது என்று நீங்கள் சொன்னதும் அம்மா அழுதுவிட்டார்.

அப்புறம் நோட்டும் கையுமாக அவர் பின்னாலேயே நடந்து, எங்கே எத்தனை நிமிடம் நின்றார் என்று குறித்தீர்கள். மூன்றே முக்கால் மணி நேரத்தில் அவரை யாராவது கவனித்தது கால் மணிகூட இல்லை! டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ வளர்த்த முறை இது, லீன் என்பார்கள், யாருக்கும் பயன்படாத காத்திருப்பும் நடையும் அதில் ‘முடா’, அதாவது வீண் என்று விளக்கினீர்கள். அமெரிக்காவில் சியாட்டிலின் வர்ஜீனியா மேசன் மருத்துவமனை 2002லேயே இதைக் கையில் எடுத்ததாம்.

லேப் தங்கச்சி நேரத்தைப் பஸ்ஸுக்கு ஏற்ப மாற்றினார். மூன்று மாதச் சர்க்கரை பார்க்கும் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிறு வேண்டாம், சாப்பிட்டுவிட்டே வாங்க என்றும் சொன்னார். இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லாத விஷயம்! மருந்து அண்ணா ஒவ்வொரு மாத்திரைக்கும் இரண்டு டப்பா வைத்திருக்கிறார். முன் டப்பா காலியானதும் அதன் அட்டை ஸ்டோருக்குப் போய்விடும், பின் டப்பா தீர்வதற்குள் புது மாத்திரை வந்துவிடும். ‘ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க’ என்ற பேச்சு எங்களுக்கு நின்றுபோனது.

அக்கா, உங்களுக்குத்தான் பெரிய நன்றி. வீட்டுக்கே மாத்திரை கொண்டு வரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியும், பகலில் எங்கள் வீடு பூட்டியே இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு, இலை எடை போடும் இடத்துக்கே பையோடு வருகிறீர்கள். கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கை நீட்டுகிறார் அம்மா, அங்கேயே பிரஷர் பார்க்கிறீர்கள். இப்போது ஆஸ்பத்திரிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான்.

புண் ஆறிவிட்டது. அடுத்த முறை வரும்போது தோட்டத்து பீன்ஸ் கொண்டு வருவதாக அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.