உதவித்தொகை வந்திருப்பதாக ஓர் அழைப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் நாள்களில் எந்தப் படிப்பில் சேரலாம், எந்தக் கல்லூரிக்கு எவ்வளவு கட்-ஆஃப் என்றெல்லாம் விரிவாக எழுதும் நாளிதழ்கள், சேர்ந்த பிறகு கட்டணத்துக்கு என்ன வழி என்பதையும், வழிகாட்டுவதாகச் சொல்லிப் பணம் பறிப்போரை எப்படி அடையாளம் காண்பது என்பதையும் அந்த அளவுக்கு எழுதுவதில்லை. அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதுபற்றிச் சில செய்திகளைத் தங்கள் வாசகர்முன் வைக்க விரும்புகிறேன்.

நான் பணியிலிருந்த கடைசி ஆண்டில், தையல் வேலை செய்யும் தாய் ஒருவர் கைப்பேசியும் கையுமாக ஆய்வகத்துக்கே என்னைத் தேடி வந்தார். கல்வித் துறையிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவர், பிளஸ் டூ படிக்கும் அவருடைய மகளுக்கு 28,500 ரூபாய் உதவித்தொகை வந்திருப்பதாகவும், வாட்ஸ்அப்பில் அனுப்பும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டால் உடனே கணக்கில் ஏறிவிடும் என்றும் கூறியிருக்கிறார். இவரும் போட்டார். ஏறவில்லை என்றதும் மறுபடியும் போடச் சொன்னார், அதையும் செய்தார். இரண்டு தடவையில் 14,000 ரூபாய் போய்விட்டது. சீட்டுக் கட்ட எடுத்து வைத்திருந்த பணம். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை, அனுப்புவதற்கே அது தேவை என்று நான் விளக்கத் தொடங்கியபோது அவர் இடைமறித்து, “பொண்ணு பேரு, அவங்க அப்பா பேரு, பயாலஜி குரூப்புங்கறது வரைக்கும் சரியாச் சொன்னாருங்க சார், எப்படி நம்பாம இருக்கறது?” என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை. கணவருக்குத் தெரிந்தால் திட்டுவாரே என்று நான்கு நாள் மூடி மறைத்துவிட்டதால், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைத்திருந்தால் அந்தப் பணத்தை வழியிலேயே முடக்கியிருக்கக்கூடிய வாய்ப்பும் கைநழுவியது.

என்னை உறுத்துவது இதுதான். மாணவியின் விவரம் அத்தனையும் மோசடிக்காரர் கையில் இருக்கிறது, அவர் வீடு தேடி அழைத்துத் தமிழில் பொறுமையாகப் பேசுகிறார். அதே விவரங்களை முறையாக வைத்திருக்கும் அலுவலகங்களோ, அந்தப் பிள்ளைக்கு உரிமையுள்ள உதவித்தொகையைப் பற்றி அந்த வீட்டுக்கு ஒரு குறுஞ்செய்திகூட அனுப்புவதாக நான் அறியவில்லை.

மத்திய அரசின் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர் உதவித்தொகையை எடுத்துக்கொள்வோம். பிளஸ் டூவில் தங்கள் பாடப்பிரிவில் தேர்ச்சி பெற்றோரில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்து, குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் இருப்போருக்கு, பட்டப்படிப்பின் முதல் மூன்றாண்டுகள் ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும் திட்டம் அது. நாடு முழுவதும் ஆண்டுக்கு 82,000 புதிய இடங்கள் உண்டு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஒரு பைசா கட்டணம் இல்லாமல் விண்ணப்பிக்கலாம் என்பதை எங்கள் பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளைகளே கல்லூரியில் சேர்ந்து வெகுநாள் கழித்துத்தான் கேள்விப்பட்டார்கள். முதலாண்டில் வாங்கியவர்களிலும் சிலர், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பது தெரியாமல் இரண்டாம் ஆண்டில் கோட்டைவிட்டார்கள்.

மாநிலத் திட்டங்கள் ஓரளவு பரவாயில்லை. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதைப் பெரும்பாலோர் அறிவர். கல்லூரி வழியாகவே பதிவு நடப்பதால் தரகருக்கு அங்கே இடமில்லை. ஆனால், ஆதார் எண்ணை வங்கியில் கொடுத்திருப்பது வேறு, அரசு மானியம் வந்து சேரும் கணக்காக அந்தக் கணக்கு ஆதாருடன் இணைக்கப்பட்டிருப்பது வேறு என்பதை வங்கியில் யாரும் எடுத்துச் சொல்லாததால், தொகை ஒப்பளிக்கப்பட்டும் மாதக்கணக்கில் வந்து சேராமல் அலைந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். (இந்த வேலையை எங்கள் ஊரில் வங்கியைவிடத் தபால்காரர் விரைவாக முடித்துத் தருகிறார் என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும்.)

மோசடிக்காரர்களில் இன்னொரு வகையினர், தேர்வு முடிவு வந்த வாரத்தில் மோட்டார் சைக்கிளில் கிராமத்துக்கே வந்து இறங்குகிறார்கள். வெளிமாநில நர்சிங் கல்லூரியில் முழு உதவித்தொகையுடன் இடம் என்று ஆசைகாட்டி, அசல் மதிப்பெண் சான்றிதழையும் மாற்றுச் சான்றிதழையும் வாங்கிச் சென்றுவிடுகிறார்கள். அங்கே போனபின் உதவித்தொகை என்பது கட்டணத்தில் ஒரு சிறு தள்ளுபடிதான் என்று தெரிந்து பிள்ளை திரும்ப நினைத்தால், சான்றிதழைத் தர முழுக் கட்டணத்தையும் கேட்கிறார்கள். உயர்கல்வி நிறுவனங்கள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் தெளிவாகவே அறிவித்திருக்கிறது. அப்படி ஓர் அறிவிப்பு இருப்பதை நான் சொல்லும்வரை என்னிடம் வந்த பெற்றோர் ஒருவருக்கும் தெரியாது.

ஆகவே, பள்ளிக் கல்வித் துறைக்குத் தங்கள் நாளிதழ் வழியாக இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். மாணவர் விவரங்கள் எங்கிருந்து வெளியே போகின்றன என்பதை விசாரித்து அறிவிக்க வேண்டும். தேர்வுக்கூட நுழைவுச்சீட்டுப் பட்டியலையே வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் பணியாற்றியவன் என்பதால், ஆசிரியர்களாகிய எங்கள் பங்கையும் சேர்த்தே விசாரிக்கச் சொல்கிறேன். அடுத்து, பிளஸ் டூ வகுப்பறைகளில் ஜனவரி மாதத்திலேயே, எந்த உதவித்தொகைக்கு எங்கே, எப்போது விண்ணப்பிப்பது, ஓராண்டுக்கு மட்டுமே செல்லும் வருமானச் சான்றிதழை எப்போது வாங்குவது என்பதைத் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். உதவித்தொகைக்காக எவரும் தொலைபேசியில் ஓடிபியோ ரகசிய எண்ணோ கேட்கமாட்டார்கள் என்ற வரி அதில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். அந்தத் தாளைத் தாங்களும் ஒருநாள் முழுப் பக்கமாக வெளியிட்டால், வெட்டி எடுத்து இ-சேவை மையத்தின் கதவில் ஒட்டும் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற முதுகலை ஆசிரியர்,
செய்யாறு.