பின்னணியும் தெரியட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. கொல்லைப் பக்கத்து ஓடு மாற்றியாகிவிட்டது. நீ அனுப்பிய போட்டோ வந்தது. அம்மா அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டாள்.

கொஞ்ச நாளாக எல்லாப் படத்தையும் போர்ட்ரெய்ட் மோடில்தான் எடுக்கிறாய் போலிருக்கிறது. ஸ்டுடியோக்காரன் கண் சும்மா இருக்குமா? பின்னால் இருப்பது மங்க வேண்டுமென்றால் நாங்கள் லென்ஸ் துவாரமான அப்பர்ச்சரை நன்றாகத் திறந்து வைப்போம், லென்ஸே பார்த்துக்கொள்ளும். போனில் சென்சார் சின்னது, ஏறக்குறைய எல்லாமே ஷார்ப்பாகத்தான் விழும். அப்புறம் மென்பொருள் கணக்குப் போட்டு, ஆளைச் சுற்றி வெட்டி, மிச்சத்தைக் கலைக்கிறது. அதுதான் உன் வலது காதோரம் முடி பாதியைக் காணோம், ஜிமிக்கியும் கரைந்துபோயிருக்கிறது. முன்பெல்லாம் உன் படத்தில் ஹால் தெரியும், பால்கனியில் காயும் துணி தெரியும், அலமாரி மேல் மாப்பிள்ளையின் ஹெல்மெட் தெரியும். சாதாரணமாகவே எடுத்து அனுப்பேன்.

புனேயில் ஃபிலிம் அப்ரிசியேஷன் முடித்து வந்த கோடையில் 'சிட்டிசன் கேன்' போட்டுக் காட்டினாயே. 1941இல் வந்த படம். முன்னால் மேஜையில் அம்மாக்காரி பையனை ஒப்படைத்துக் கையெழுத்துப் போடுகிறாள். ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில், பையன் பனியில் விளையாடுகிறான். இரண்டும் ஷார்ப். டீப் ஃபோகஸ், கேமரா கிரெக் டோலண்ட் என்று நீ சொல்லச் சொல்ல எனக்குப் பெருமை பிடிபடவில்லை. டார்க் ரூம் வாசலில் ஹைப்போ மருந்து நாற்றம் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணா இது என்று இருந்தது. அந்த வீட்டில் யாருக்கு என்ன நடக்கிறது என்று ஒரே ஷாட்டில் தெரிந்துவிடுகிறது, பார்.

இவ்வளவு படித்தவளுக்கு அப்பாவிடம் போனில் பேச மட்டும் நேரமில்லை. கேட்டால் எடிட்டிங் என்கிறாய். சரி, வேலைதான் முக்கியம். நேரத்துக்குச் சாப்பிடு.

ரஷ்ய டைரக்டர் குலஷோவ் கதையும் நீ சொன்னதுதான். ஒரே நடிகன், ஒரே முகம். சூப் கிண்ணத்தோடு சேர்த்துக் காட்டினால் பசி என்றார்கள், சவப்பெட்டியோடு காட்டினால் துக்கம் என்றார்கள். உன் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு அந்த நினைப்புதான். அடுத்து எந்த ஷாட் வரும்? உங்கம்மா ஒன்று வைக்கிறாள், நான் ஒன்று வைக்கிறேன். ராத்திரி தூக்கம் வருவதில்லை.

படத்தைப் பெரிதாக்கிக் கண்ணைப் பார்த்தேன். முன்பு கண்ணில் மின்னும் கேட்ச்லைட் சதுரமாக இருக்கும், ஜன்னல் வெளிச்சம். இப்போது மேலே ட்யூப் லைட் கோடுதான், கண்ணுக்குக் கீழே நிழல் கட்டியிருக்கிறது. மேலிருந்து வரும் வெளிச்சம் யாரையும் வாடினாற்போலத்தான் காட்டும், அதை வைத்து நான் எதுவும் சொல்லவில்லை. பகலில் எடு. ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நில், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கக் கன்னத்தில் முக்கோணமாக வெளிச்சம் விழுகிறதா பார். ரெம்பிராண்ட் லைட்டிங், சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்தேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா அதிரசம் சுடுகிறாள். மாப்பிள்ளைக்கு எண்ணெய் நன்றாக வடித்தால்தான் பிடிக்கும், தனி டப்பாவில் போடவா என்று கேட்கிறாள். ஒரு டப்பாவா இரண்டா என்று வெள்ளிக்குள் சொல், சனிக்கிழமை கூரியரில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா