மேலட்டையையும் படமெடுங்கள்

ஐரோப்பியப் பல்கலைக்கழக நூலகங்களின் மின்னாக்கப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 18ஆம் நூற்றாண்டு ஆய்வேடு ஒன்றின் மேலட்டைப் படத்தை உங்களில் ஒரு நூலகத்திடம் சென்ற மாதம் கேட்டிருந்தேன். மேலட்டையில் எழுத்து ஏதும் இல்லாததால் படமெடுக்கவில்லை என்று இரண்டே வரியில் பதில் வந்தது.

ஸ்வீடனின் உப்சாலாவிலும் ஜெர்மன் பல்கலைக்கழகங்களிலும் பல வேளைகளில் தலைமை வகித்த பேராசிரியரே ஆய்வேட்டை எழுத, அவைமுன் நின்று வாதாடிய மாணவர் அச்சுச் செலவைச் சுமந்தார் என்பது நீங்கள் அறியாததல்ல. உப்சாலாவின் தாவரவியலாளர் லின்னேயஸ் தலைமையில் மட்டும் 186 ஆய்வேடுகள் அரங்கேறின. நண்பர்களுக்குச் சாதாரணத் தாளில் தைத்த படி. புரவலருக்கோ உயர்ந்த தாளில் அச்சிட்டு, ஓரங்களில் பொன்பூசி, பட்டிலோ வெல்வெட்டிலோ ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் செய்த பொன்தாளிலோ பொதிந்த படி. உள்ளிருக்கும் இலத்தீன் இரண்டிலும் ஒன்றுதான். எந்தப் படி யார் கைக்குப் போகவிருந்தது என்பதை மேலட்டையைப் பார்த்துத்தான் ஊகிக்க முடியும்.

வேறு வழியின்றி ரயிலேறி வந்து அந்தப் படியை நேரில் பார்த்தேன். உறை பொன்தாள். செப்புத்தகட்டில் செதுக்கிய கொடியும் பூவும் தாளில் புடைத்து நின்றன; பொன் என்பது பெயருக்குத்தான், பித்தளைக் கலவை என்பதால் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. கீழ் விளிம்பைச் சாய்த்துப் பிடித்தபோது, தாளைச் செய்தவரின் பெயரும் ஊரும் ஓர் எண்ணும் தெரிந்தன. எழுத்தே இல்லை என்றல்லவா எழுதியிருந்தீர்கள்!

உங்கள் முன்னோர் அலமாரி ஒழுங்குக்காகப் பல ஆய்வேடுகளை ஒரே தொகுதியாகக் கட்டி, உறைகளைக் கழித்து, பொன்னோரங்களையும் சீவித் தள்ளினார்கள். அது போனது போனதுதான். எஞ்சியவற்றையாவது காட்டக் கூடாதா? கறுப்பு எழுத்து மட்டுமே உள்ள பக்கத்தின் அருகில் வண்ண அளவுகோலை வைத்துப் படமெடுக்கும் உங்கள் அக்கறையை வியக்கிறேன். வண்ணம் இருக்கும் பக்கத்தை மட்டும் விட்டுவிடுகிறீர்கள்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருள்க. முன்னட்டை, பின்னட்டை, ஓரங்கள் ஆகியவற்றை வண்ணத்தில் படமெடுங்கள். உறை பட்டா, வெல்வெட்டா, பொன்தாளா என்று நூற்பட்டியலில் ஒரு வரி சேருங்கள். இதையே மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நான் பார்த்த படியின் அடுக்கு எண்ணை உரிய நூலகத்துக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன், அதிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
பழைய நூற்கட்டுகளை ஆராயும் ஒரு வாசகர்